கொடியில் காய்ந்த பைகள்

போன வாரம் என் பழைய அலுவலகத்திலிருந்து கவிதா அழைத்தார். நகராண்மைக் கழகத்தின் அமலாக்கப் பிரிவில் நான் எழுந்துவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர்.

"ஐயா, பிளாஸ்டிக் பை விதிய இனிமே ஒட்டுக்கடை, இரவுச் சந்தைக்கும் கொண்டு வராங்க. புதுசா எட்டுப் பேர எடுத்திருக்கோம். நீங்க வந்து ஒரு அரை மணி நேரம் பேசணும். நல்ல அனுபவமா நாலு சொல்லுங்க, அது போதும்."

"பாக்கலாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போயிருப்பேன். வேலையை விட்டு வந்தவனை யாராவது பேசக் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல மனம் வருமா? நாலு கதை சொல்லி, நாலு பேரைச் சிரிக்க வைத்து, அவர்கள் தரும் மீ கோரெங் நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன். இப்போது முடியாது. ஏன் முடியாது என்று போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது பெடாஸிலிருந்து உள்ளே போகிற ஆறாங்கட்டைத் தோட்டத்தில். அப்பா பால்மரம் சீவினார். மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு குலை வெட்டினார். நான் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை முடித்து, கழகத்தின் குப்பை லாரிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு போகிற வேலையில் சேர்ந்தேன். நாலு வருடம் கழித்து ஒரு தேர்வு, ஒரு நேர்முகம், ஆறு வாரப் பயிற்சி. சல்யூட் அடிக்கவும் பாரம் என்கிற அச்சுத் தாள்களை நிரப்பவும் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். அப்புறம் இருபத்தேழு வருடம் அமலாக்கச் சீருடை. லைசென்ஸ் இல்லாத கடை, நடைபாதையை அடைத்த மேசை, அவிழ்த்துவிட்ட மாடு என்று போய்க்கொண்டிருந்த வேலையில், கடைசி ஆறு வருடம் பிளாஸ்டிக் பை வந்து சேர்ந்தது.

முதலில் சனிக்கிழமை மட்டும்தான் பை கிடையாது. பிறகு எல்லா நாளும் கிடையாது. முதல் சனிக்கிழமை பெடாஸில் ஒரு சீனர் மளிகைக் கடை வாசலில் நான் நின்றேன். ஒரு பாட்டாளி கெம்போங் மீன் வாங்கினார். பை இல்லை என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி, மீனை அதற்குள் கொட்டிக்கொண்டு, வெறுந்தலையோடு மோட்டாரை முறுக்கிக்கொண்டு போய்விட்டார். பை விதி காப்பாற்றப்பட்டது. ஹெல்மெட் போலீஸ்காரர்களின் பாடு.

அதே கடைக்குப் பின்பக்கம் அன்று ஒரு லாரி வந்து நின்றது. பிஸ்கட், சவர்க்காரம், நூடுல்ஸ், எல்லாம் பிளாஸ்டிக்கில் சுற்றி, அதை அட்டைப்பெட்டியில் அடுக்கி, பெட்டியையும் பிளாஸ்டிக்கால் சுற்றி இறக்கினார்கள். அதற்கு என்னிடம் பாரம் இல்லை. கைப்பிடி வைத்த பைக்கு மட்டும்தான் பாரம் இருந்தது. அன்றைக்கே எனக்கு இந்த வேலையின் மீது நம்பிக்கை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். எனக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது. வயிற்றெரிச்சலெல்லாம் பின்னால் வந்தது.

என் மேலதிகாரி என்சிக் ரசாலி. நாங்கள் துவான் என்போம், ஐயா என்பது போல. ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தோட்டத்துக் கடைகளில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார். நோட்டீஸ் எழுதுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். ஏன் துவான் என்று ஒரு தடவை கேட்டேன். "நேரத்தைப் பார்த்தால் அவசரம் வரும். அவசரமாக எழுதினால் இன்னொருவன் வயிற்றில் அடிப்போம்" என்றார் மலாயில்.

அவரிடம் எதைப் பேசப் போனாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "சூராட் அடா?" கடிதம் இருக்கிறதா? லீவு வேண்டுமா, சூராட் அடா. பக்கத்துக் கடைக்காரன் மேல் புகாரா, சூராட் அடா. நாங்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு சூராட் என்றே பெயர் வைத்திருந்தோம். ஆனால் கடிதம் என்று ஒன்று வந்துவிட்டால் மனிதர் இளகிவிடுவார். பென்சிலில் எழுதியிருந்தாலும், எழுத்துப் பிழை மலிந்திருந்தாலும், இரண்டு முறை வாசிப்பார். பை நோட்டீஸைப் பொறுத்தவரை, கடிதம் எழுதிக் கேட்ட எந்தச் சின்னக் கடைக்காரரையும் அவர் தண்டித்து நான் பார்க்கவில்லை. 'எச்சரிக்கையோடு முடிந்தது' என்று ஓரத்தில் எழுதிக் கோப்பை மூடிவிடுவார். இது எனக்கு நன்றாகத் தெரியும். இதை மறந்துவிடாதீர்கள்.

சோதனைக்கு ஒரு முறை உண்டு. கடைக்குள் போனதும் அட்டையைக் காட்ட வேண்டும். எதற்கு வந்தோம் என்று கடைக்காரருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். அவரை உட்கார வைக்க வேண்டும். இது சட்டத்தில் இல்லை, துவான் வைத்த வழக்கம். நின்றுகொண்டு நோட்டீஸ் வாங்குகிறவருக்கு வாசித்தது மண்டையில் ஏறாது என்பார். பிறகு பைகளைக் கட்டுக் கட்டாக எண்ணி, ஒரு பெரிய பைக்குள் போட்டு, எண்ணிட்ட முத்திரை வைக்க வேண்டும். அந்தப் பெரிய பையும் பிளாஸ்டிக்தான், சிரிக்காதீர்கள். நோட்டீஸ் மூன்று பிரதி. வெள்ளைத் தாள் கடைக்காரருக்கு. அதன் பின்பக்கம் கடைசி வரியில் பொடி எழுத்தில் ஒன்று இருக்கும்: பதினான்கு நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரலாம். அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டாமல் துவான் கையெழுத்து வாங்கமாட்டார். தமிழர் கடை என்றால் என்னைப் பார்ப்பார், நான் தமிழில் சொல்வேன்.

இனி ஆரோக்கியம் அக்காவுக்கு வருகிறேன்.

ஆறாங்கட்டைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் கடைசி வீட்டின் முன்பக்கம்தான் அவருடைய கடை. புருஷன் சூசை அண்ணன் காலமான பிறகு தனியாக நடத்தினார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் தேர்வு எழுதி நேர்முகத்துக்குப் போன அன்று என்னிடம் நல்ல சட்டை இல்லை. சூசை அண்ணனின் கல்யாணச் சட்டையை இஸ்திரி போட்டு, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்து அனுப்பியவர் அக்காதான். அதைத் திருப்பிக் கொடுத்தேனா என்று எனக்கு ஞாபகமில்லை. கொடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

தோட்டத்தில் பிளாஸ்டிக் பைக்கு என்ன மரியாதை என்று பட்டணத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. லயத்து வீடு ஒவ்வொன்றிலும் ஆணியில் ஒரு பை தொங்கும். பிறப்புச் சூரா என்கிற சான்றிதழ், ஐசி அடையாள அட்டையின் நகல், கல்யாணப் பத்திரம், ஆஸ்பத்திரி அட்டை எல்லாம் அதற்குள். கூரை ஒழுகினாலும் அது நனையாது. வீடு தீப்பிடித்தால் முதலில் எடுக்கிற சாமான் அதுதான். அக்காவின் கடையில் அந்தப் பைக்குள் கடை லைசென்ஸும் இருந்தது.

நான் சொல்லப்போகும் அந்த வருடம் அந்த லைசென்ஸ் சாதாரணக் காகிதம் இல்லை. தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கிய மேம்பாட்டு நிறுவனம் வீடு கட்டப் போகிறது. நடப்பு லைசென்ஸ் வைத்திருக்கும் தோட்டத்துக் கடைக்காரர்களுக்குப் புது வரிசையில் ஒரு கடை கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். கணக்கெடுக்க அடுத்த வருடத் தொடக்கத்தில் ஆள் வரும். அக்காவுக்கு வேறு சொத்து கிடையாது. மகள் ஸ்டெல்லா ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடை கிடைத்தால் பிழைப்பு உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

வருடக் கடைசியில் யாரோ புகார் எழுதிப் போட்டார்கள், ஆறாங்கட்டைத் தோட்டத்துக் கடையில் பை கொடுக்கிறார்கள் என்று. துவானும் நானும் போனோம். 

அக்கா என்னைச் சீருடையில் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பானார். "வாங்க தம்பி! சாரையும் உக்காரச் சொல்லுங்க. தே ஓ ஒரு குவள போடவா?"

"இல்லக்கா. நீங்க உக்காருங்க. இது சோதன" என்றேன்.

கல்லாவுக்குக் கீழே பைகள் இருந்தன. ஆனால் புதுப்பைகள் இல்லை. கசங்கி, எழுத்து அழிந்து, ஒவ்வொன்றும் ஒரு நிறம். துவான் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். சவர்க்கார வாசனை. பின்கட்டுக்குப் போனார். அங்கே துணிக்கொடியில், பாவாடைக்கும் பள்ளிச் சீருடைக்கும் நடுவில், பைகள் வரிசையாகக் கிளிப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தன. சனங்களிடமிருந்து பழைய பைகளைத் திரும்ப வாங்கி, கழுவி, காயவைத்து, மறுபடி கொடுத்துக்கொண்டிருந்தார் அக்கா.

"குலை வெட்டிட்டு அப்படியே வராங்க தம்பி, கையில பை எங்க இருக்கும்? அரிசிய மடியிலயா கட்டிக்கிட்டுப் போவாங்க? காசு கொடுத்து நான் ஒரு பை வாங்கல. எல்லாம் அவங்க பைதான்."

நான் அதைத் துவானுக்கு மலாயில் சொன்னேன். அவர் கொடியிலிருந்த பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றினார்.

"புகார் வந்திருக்கிறது, எழுதாமல் போக முடியாது" என்றார். "ஆனால் இதை எழுதச் சொல். கழுவித் திரும்பக் கொடுக்கிறதை அப்படியே எழுதச் சொல். பதினான்கு நாளுக்குள் என்னிடம் வரட்டும்."

நான் பின்பக்கத்துக் கடைசி வரியைத் தமிழில் படித்துக் காட்டினேன். துவான் சொன்னதையும் சொன்னேன். அக்கா கையெழுத்துப் போட்டார். கொடியில் காய்ந்த பைகளையும் கிளிப்பைக் கழற்றிக் கழற்றி எண்ணினோம். அதுவரை நான் செய்தது எல்லாம் சரி.

அன்று சாயங்காலம் சீருடையைக் கழற்றிவிட்டு, மோட்டாரில் தனியாகத் திரும்பிப் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அக்கா மனசு சங்கடப்பட்டிருக்குமே என்று போனதாக அன்று நினைத்துக்கொண்டேன். உண்மையில், நான் எவ்வளவு பெரிய ஆள் என்று காட்டப் போயிருக்கிறேன்.

ஸ்டெல்லா கடை மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளி நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள், நீல மை, மலாயில் ஒரு பக்கம். தன் அம்மா எப்படிப் பைகளைக் கழுவுவார் என்றெல்லாம் எழுதியிருந்தாள். தாளை என்னிடம் காட்டினாள். இரண்டு இடத்தில் பிழை இருந்தது. கழகத் தலைவர் என்று எழுத வேண்டிய இடத்தில் 'மதிப்பிற்குரிய துவான் வந்து போனவர் அவர்களுக்கு' என்று போட்டிருந்தாள்.

நான் சிரித்தேன். "இதப் பாத்தா ஆபீஸ்ல சிரிப்பாங்கம்மா. நோட்டுத் தாள்ல எல்லாம் எழுதக் கூடாது."

"வேற நல்ல தாள்ல எழுதட்டுமா மாமா?"

"எழுதவே வேணாம். நானே துவான்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சிச்சு. எனக்காகச் செய்ய மாட்டாரா?"

அக்காவின் முகத்தில் வந்த நிம்மதியை நான் இப்போதும் பார்க்கிறேன். "அதான் நம்ம புள்ள ஆபீஸ்ல இருக்கே. கடுதாசி எதுக்கு? ஸ்டெல்லா, மடிச்சு உள்ள வை."

தோட்டத்தில் யார் கடிதம் எழுதினார்கள்? என் அப்பா ஒரு கடிதம் எழுதியதில்லை. வீட்டுக் கூரை ஒழுகினால் கங்காணியிடம் சொல்வார். கங்காணி மண்டோரிடம் சொல்வார், மண்டோர் கிராணியிடம் சொல்வார். சொல்லிவிட்டால் செய்தது மாதிரி. கூரை ஒழுகிக்கொண்டே இருந்தாலும், சொல்லியாச்சு என்று நிம்மதியாகப் படுத்துக்கொள்வோம். நம் ஆள் ஒருவன் மேலே இருக்கிறான் என்பதே எங்களுக்குப் பெரிய சொத்து. அன்று நான்தான் அந்த ஆள். கடிதம் கொடுத்தால் அக்காவைக் காப்பாற்றியது கடிதம் என்றாகும். நான் பேசினால் காப்பாற்றியது நான் என்றாகும். அந்த ஆசைதான். இதை இத்தனை வருடம் கழித்துத்தான் என்னால் சொல்ல முடிகிறது.

மறுநாள் துவான் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் கேட்டார், "அந்தத் தோட்டத்துக் கடைக்காரி உனக்குச் சொந்தமா? உன்னைப் பார்த்துச் சிரித்தாளே."

சொந்தக்காரர் கோப்பை நாங்கள் தொடக்கூடாது. இருந்தால் அறிவித்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். அவர் கேட்டது அதற்காகத்தான். வேறொன்றுமில்லை. ஆனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றுச் சாயங்காலம் போய் வந்ததை யாரோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"இல்லை துவான்" என்றேன். ரத்த சொந்தம் இல்லைதான், ஆனால் எவ்வளவு நெருங்கிய பழக்கம் என்பதைச் சொல்லவில்லை.

"நல்லது. அப்படியென்றால் கோப்பு உன்னிடமே இருக்கட்டும். கடிதம் வந்ததும் கொண்டு வா."

சொந்தமில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் அவருக்காக எப்படிப் பேசுவது? நாளைக்குப் பேசலாம் என்று வந்துவிட்டேன். மூன்றாம் நாள் அக்கா போன் செய்தார்.

"பேசிட்டீங்களா தம்பி?"

"பேசிட்டேன்க்கா. ஆயிரும், கவலப்படாதீங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. இனி அக்காவிடம் போய்க் கடிதம் கொடுங்கள் என்று கேட்டால், பேசவில்லை என்பது தெரிந்துவிடும். துவானிடம் போய்ப் பேசினால், சொந்தமா என்று கேட்டதற்கு நான் மறைத்தது தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் நானே கதவைச் சாத்திக்கொண்டு நடுவில் நின்றேன். துவான் இரண்டு தடவை கேட்டார், கடிதம் வந்ததா என்று. இரண்டு தடவையும் இன்னும் வரவில்லை என்றேன்.

பதினைந்தாம் நாள் கோப்பு தானாக லைசென்ஸ் பிரிவுக்குப் போய்விட்டது. விளக்கம் தராத நோட்டீஸ் இருந்தால் அடுத்த வருடத்துக்கு லைசென்ஸ் புதுப்பிக்கமாட்டார்கள். குழு கூடித்தான் முடிவெடுக்கும். குழு கூட மூன்று மாதம் ஆகும். நான் அப்போதுதான் ஓடினேன்.

"துவான், அந்தக் கடைக்கு ஏதாவது செய்ய முடியுமா?"

"சூராட் அடா?"

"இல்லை துவான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏன் எழுதவில்லை? நான் அவ்வளவு சொல்லியும் ஏன் எழுதவில்லை? நீ அந்த வரியைப் படித்துக் காட்டினாய்தானே?"

"படித்துக் காட்டினேன் துவான்."

அது உண்மை. என் வாழ்க்கையில் நான் சொன்ன எந்தப் பொய்யும் அந்த உண்மை அளவுக்குக் கெட்டது இல்லை. அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அந்தப் பெண்ணுக்கு என்ன கோபமோ" என்று மட்டும் சொன்னார்.

குழு கூடும் முன்பே மேம்பாட்டு நிறுவனத்தின் ஆட்கள் வந்து கணக்கெடுத்துவிட்டார்கள். நடப்பு லைசென்ஸ் இல்லாததால் ஆரோக்கியம் அக்காவின் கடை பட்டியலில் ஏறவில்லை. அந்த வருட நடுவில் லயங்களை இடித்தார்கள். அக்கா சிரம்பானில் ஒரு வாடகை அறைக்குப் போனதாகவும், ஸ்டெல்லா மந்தினில் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்ததாகவும் கேள்விப்பட்டேன். மேல்படிப்புக்கு இடம் கிடைத்தும் போகவில்லையாம். நான் போய்ப் பார்க்கவில்லை. போகிற முகம் என்னிடம் இல்லை.

இப்போது ஆறாங்கட்டைத் தோட்டம் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். புதுக் கடைவரிசைக்குப் பின்னால் ஒரு பெரிய சாக்கடை ஓடுகிறது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் அங்கே சோதனைக்குப் போனேன். சாக்கடை பூராவும் பிளாஸ்டிக். பானக் குவளை, நூடுல்ஸ் உறை, இணையத்தில் சாமான் வாங்கினால் சுற்றி வருகிற சாம்பல் நிறப் பை. கைப்பிடி வைத்த பை மட்டும் அதிகம் இல்லை. அந்த மட்டுக்கும் நாங்கள் வென்றுவிட்டோம். அந்த ஊரில் பையைக் கழுவிக் கொடியில் காயப்போட்ட ஒரே ஒரு மனுஷியைத்தான் நாங்கள் பிடித்தோம்.

போன மாதம் சிரம்பானில் ஒரு பெரிய பேரங்காடிக்குப் போயிருந்தேன். கையில் துணிப்பை. காய்கறியை எடைபோடுகிற இடத்தில் பச்சை ஏப்ரன் கட்டிக்கொண்டு ஆரோக்கியம் அக்கா நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பைகள் பெரிய உருளையாக மாட்டியிருந்தன. ஒவ்வொருவரும் நீட்டுகிற காய்க்கு ஒரு பையைக் கிழித்து, போட்டு, கட்டி, விலைச்சீட்டை ஒட்டினார். கைப்பிடி இல்லாத அந்தப் பைக்கு விதியில் தடை இல்லை.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"தம்பி! நல்லா இருக்கீங்களா? பாருங்க, பையெல்லாம் கொண்டாந்திருக்கீங்க!" என் தக்காளியை வாங்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு நீங்க அவ்ளோ பேசியும் அவங்க கேக்கலயே. நீங்க என்ன பண்ணுவீங்க? நான் ஸ்டெல்லாகிட்ட எப்பவும் சொல்வேன், முனியாண்டி மாமா நமக்காகச் சண்ட போட்டாருன்னு."

நான் தராசின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்ல வேள உங்களப் பாத்தேன். ஒரு உதவி தம்பி." ஏப்ரன் பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். பலமுறை மடித்துத் தேய்ந்த பை. லயத்து ஆணியில் தொங்கிய அதே பைதானோ என்னவோ. உள்ளேயிருந்து காகிதங்களை எடுத்தார். மேலே இருந்தது வீட்டு இலாகாவின் கடிதம். மலிவு விலை வீட்டுக்கு அவர் போட்ட மனு பரிசீலனையில் இருக்கிறது, பதினான்கு நாளுக்குள் எழுத்து மூலம் உறுதிப்படுத்தாவிட்டால் மனு ரத்தாகும் என்று மலாயில் இருந்தது. தேதியைப் பார்த்தேன். பதினான்கு நாள் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"எப்பக்கா வந்திச்சு இது?"

"மூணு வாரம் இருக்கும். உங்களப் பாத்தா குடுக்கலாம்னு கையோடயே வச்சிருக்கேன். ஆபீஸ்ல ஒரு வார்த்த சொல்லிருங்க தம்பி."

"ஸ்டெல்லாவ எழுதச் சொல்லியிருக்கலாமேக்கா."

"எழுதித் தரேன்னுதான் சொன்னா. நான்தான் வேணாம்னேன். நம்ம எழுத்தப் பாத்தா ஆபீஸ்ல சிரிப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கடிதத்தைத் திருப்பி அடுக்கில் வைக்கப் போனேன். அடுத்த தாள் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்தது. நீல மை மங்கியிருந்தது. 'மதிப்பிற்குரிய துவான் வந்து போனவர் அவர்களுக்கு.' அக்கா எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை.

"அக்கா" என்றேன். "இதுக்கு நாள் முடிஞ்சிருச்சு. அன்னிக்கும் நான் பேசலக்கா. துவான்கிட்ட நான் பேசவே இல்ல. பேசிட்டேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். அவர் உங்க கடுதாசிக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தாரு."

எனக்குப் பின்னால் ஒரு பெண் தள்ளுவண்டியோடு நின்றாள். அக்கா என் கையிலிருந்த நோட்டுத் தாளை வாங்கினார். ஏதோ முதல் தடவை பார்க்கிற மாதிரி அதையே பார்த்தார்.

"அப்ப இத நான் குடுத்திருக்கலாமா தம்பி?"

"குடுத்திருக்கலாம்க்கா."

அவர் தாளை அதே மடிப்பில் மடித்துப் பைக்குள் வைத்தார். உருளையிலிருந்து ஒரு பையைக் கிழித்து, என் தக்காளியைப் போட்டுக் கட்டி, சீட்டை ஒட்டி, என் பக்கம் தள்ளிவிட்டு, பின்னால் நின்ற பெண்ணிடம் கையை நீட்டினார்.